'ரிப்' சொல்பவருக்குப் பொறுப்பு உண்டா?

நீங்கள் வாழ்நாளில் ஒரு குதிரைப் பந்தயத்தையேனும் பார்க்காதவராக இருக்கலாம். ஒரு சதமேனும் அதில் வைக்காதவராகவும் இருக்கலாம். ஆயினும், "இது எனக்குரியதன்று" என்று இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். "என் பேச்சை நம்பி இறங்கு" என்று பிறரிடம் ஒருதடவையாவது சொன்ன எவருக்கும் உரிய கேள்வி இது. குதிரைப் பந்தயத்தில் அக்கேள்வி மிகத் தெளிவாகத் தெரிகிறது என்பதனாலேயே அங்கிருந்து தொடங்குகிறோம்.

நமது நாட்டில் 1956ஆம் ஆண்டுடன் கொழும்புக் குதிரைப் பந்தயம் நிறுத்தப்பட்டது. குதிரைகள் போயின, பந்தயக் காசு போகவில்லை. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஓடும் குதிரைகளுக்கு இங்குள்ள புக்கிக் கடைகளில் காசு கட்டுகிறார்கள். அங்கே பனிக்காலத்தில் பிற்பகல் ஒரு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். கண்ணால் கண்டிராத குதிரை, கால் வைத்திராத ஊர், வாயில் நுழையாத பெயர். இவற்றுக்கு நடுவே வழிகாட்டியாக நிற்பது ஒன்றே ஒன்று: 'ரிப்'. இன்றைக்கு எந்தக் குதிரை வெல்லும் என்று அச்சிட்ட தாளோ, அறிந்த நண்பரோ சொல்லும் அந்த ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்பவருக்கு, அதை நம்பி இழந்தவர்பால் ஏதும் பொறுப்பு உண்டா? இதுவே நமது கேள்வி.

ஊகிப்பதும் ஓர் உழைப்பே

முதலில் ரிப் சொல்பவருக்கு நியாயம் செய்வோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்பவர் அல்லர். அதுவும் தடை தாண்டும் பந்தயத்தில் அவருடைய வேலை இலேசானதன்று.

இப்பந்தயத்தின் பிறப்பே சுவையானது. 1752ஆம் ஆண்டிலே அயர்லாந்தின் கோர்க் பகுதியில் இருவர் தம் குதிரைகளை ஓட்டிப் பார்க்கப் போட்டியிட்டார்கள். பட்டவந்த் என்ற ஊரின் தேவாலயக் கோபுரத்திலிருந்து டொனெரெயில் என்ற ஊரின் தேவாலயக் கோபுரம் வரை ஏறத்தாழ நாலரை மைல். இடையில் வேலி, மதில், பள்ளம் எது வந்தாலும் தாண்டவேண்டும். கோபுரம் ஒன்றே குறி. இதனாலேயே ஆங்கிலத்தில் இப்பந்தயத்தின் பெயரிலே இன்றும் கோபுரம் நிற்கிறது.

இன்று வேலிகளைத் தாமே கட்டி வைத்து ஓட்டுகிறார்கள். குறைந்தது இரண்டு மைல்; பெரும் பந்தயங்களில் நான்கு மைலுக்கும் மேல். இலேசான தடைகளே மூன்றரை அடி உயரம். பெரிய வேலிகளோ நாலரை அடியும் அதற்கு மேலும். ஒரு நாளில் ஆறு அல்லது ஏழு பந்தயங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் என்றாலும், ரிப் சொல்பவர் எழுபது எண்பது குதிரைகளின் வரலாற்றைப் புரட்டியாக வேண்டும். ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் முன்னால் அதன் கடந்த ஓட்டங்கள் இலக்கமாகவும் எழுத்தாகவும் இருக்கும். முதலாவதாக வந்ததா, மூன்றாவதாக வந்ததா என்பதற்கு இலக்கம். விழுந்ததா, ஓட்டுநரைத் தள்ளிவிட்டதா, களைத்து நடுவழியில் நிறுத்தப்பட்டதா என்பதற்கு ஒவ்வோர் எழுத்து.

பின்னர் நிலத்தைப் பார்க்கவேண்டும். மழை பெய்து சேறாகக் கிடக்கிறதா, உலர்ந்து இறுகிக் கிடக்கிறதா? சேற்றிலே வல்லமை காட்டும் குதிரை இறுகிய தரையில் பின்தங்கும். இரண்டு மைலில் வெல்வது மூன்று மைலில் மூச்சு வாங்கும். ஓட்டுநர் யார், பயிற்றுபவர் யார், கடைசியாக ஓடி எத்தனை நாளாயிற்று, இன்று எத்தனை இறாத்தல் சுமக்கிறது? இத்தனையும் பார்த்துத்தான் அவர் பெயர் சொல்கிறார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பல பந்தயங்களிலே திறமையான குதிரைக்குக் கூடிய பாரமும் திறமை குறைந்ததற்குக் குறைந்த பாரமும் வைக்கிறார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடியவேண்டும் என்பதே பாரம் வகுக்கும் அதிகாரியின் இலட்சியம். 1973ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரின் எயின்ட்றீ திடலில் நடந்த கிராண்ட் நஷனல் பந்தயத்தில் கிறிஸ்ப் என்ற குதிரை 168 இறாத்தல் சுமந்தது. றெட் றம் 145 இறாத்தல் சுமந்தது. கிறிஸ்ப் வெகுதூரம் முன்னே ஓடி, கடைசியில் கால் தளர்ந்து, முக்கால் குதிரை நீளத்தால் தோற்றது. அந்த 23 இறாத்தல் வித்தியாசத்தின் வேலை அது. ஆக, ஒருவர் வேற்றுமையை அழிக்க உழைக்கிறார். ரிப் சொல்பவர் அழியாது எஞ்சிய வேற்றுமையைத் தேட உழைக்கிறார். அவர் தேடுவது இயல்பாகவே மிகச் சிறியது. இதை அவர் நன்கறிவார். ரிப் கேட்பவர் அறியமாட்டார். நமது கேள்வியின் வேர் இந்த இடத்திலேதான் இருக்கிறது.

அறிவின் எல்லை

எவ்வளவு படித்தாலும் வேலிக்கு அப்பால் என்ன நடக்கும் என்பதை எவரும் படிக்க முடியாது. 1956ஆம் ஆண்டு கிராண்ட் நஷனலை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் தாய் மகாராணியாரின் குதிரை டெவொன் லொக் முப்பது வேலிகளையும் தாண்டிவிட்டது. முன்னே வெற்றிக் கம்பம். பின்னே எதிரிகள் எட்டாத தூரத்தில். ஏறத்தாழ ஐம்பது யார் மட்டுமே மிச்சம். தடை எதுவும் இல்லாத வெறும் புற்றரையில் அக்குதிரை திடீரெனக் கால்களைப் பரப்பி வயிற்றில் விழுந்தது. ஈ.எஸ்.பி. என்ற குதிரை கடந்து போய் வென்றது. ஓட்டுநர் டிக் பிரான்சிஸ் பிற்காலத்தில் புகழ்பெற்ற துப்பறியும் நாவலாசிரியரானார். தம் குதிரை விழுந்த மர்மத்தை மட்டும் அவராலும் ஐயமறத் துலக்க முடியவில்லை.

1967ஆம் ஆண்டு இன்னொரு பாடம். இருபத்துமூன்றாவது வேலி அத்திடலிலேயே சிறியவற்றுள் ஒன்று. ஓட்டுநரை இழந்து வெறுமனே ஓடிய குதிரை ஒன்று அவ்வேலியின் முன்னே குறுக்காகத் திரும்பிற்று. ஒன்றன்மேல் ஒன்றாக அத்தனையும் குழம்பி நின்றன. வெகு பின்னால் வந்த ஃபொயினவொன் என்ற குதிரை, பின்னால் வந்த ஒரே காரணத்தால், இடைவெளி கண்டு தாண்டிப் போய் வென்றது. ஒன்றுக்கு நூறு என்று விலை போடப்பட்டிருந்த குதிரை அது. அதைப் பயிற்றியவரே நம்பிக்கையின்றி அன்று வேறொரு திடலுக்குப் போயிருந்தார். இன்று அந்த வேலிக்கு அக்குதிரையின் பெயர். அன்று காலை ஃபொயினவொன் வெல்லும் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தால் அவரை அறிஞர் என்போமா? அன்று. சொன்னது பலித்தாலும் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பலித்தல் வேறு, அறிதல் வேறு.

அதிக எதிர்பார்ப்புக்குரிய குதிரை, அதாவது எல்லோரும் சேர்ந்து "இதுதான்" என்று சொல்லும் குதிரை, ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவைதான் வெல்கிறது. ஊரே கூடிச் சொன்னாலும் மூன்றில் இரண்டு தடவை பிழைக்கிறது என்பதே இதன் பொருள்.

புக்கியின் கணக்கு

இனிக் காசுக் கணக்கைப் பார்ப்போம். சமபலமுள்ள ஆறு குதிரைகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஐந்து தருவதே நியாயமான விலை. புக்கி தருவதோ ஒன்றுக்கு நாலு. நீங்கள் ஆறு குதிரைகளிலும் நூறு நூறு ரூபாய் வைக்கிறீர்கள், செலவு 600. எது வென்றாலும் உங்கள் கைக்கு வருவது, வைத்த நூறும் சேர்த்து, 500. எல்லாக் குதிரைகளையும் வாங்கியவர் நிச்சயமாகத் தோற்கிறார். எல்லாக் குதிரைகளையும் விற்றவர் நிச்சயமாக வெல்கிறார். உண்மையான விலைகள் இதைவிடச் சிக்கலானவை. ஆனால் அடிப்படை இதுவே. எனவே பந்தயத்தில் வெல்வதற்கு ஓரளவு அறிந்தால் போதாது. புக்கி எடுத்துக்கொள்ளும் பங்கையும் வெல்லுமளவுக்கு அறியவேண்டும். அப்படி அறிந்தவர் மிகச் சிலர். அவர்கள் தாம் அறிந்ததைச் சந்தியில் நின்று கூவ மாட்டார்கள். பலரும் அக்குதிரையில் காசு கட்டினால் அதன் விலை இறங்கிவிடும்.

திட்டமிட்ட ஏமாற்று வேறு இருக்கிறது. ஆறு குதிரை ஓடும் பந்தயத்துக்கு ஒருவர் 1,296 பேருக்கு ரிப் அனுப்புகிறார். 216 பேருக்கு ஒரு குதிரையாக ஆறையும் பங்கிடுகிறார். வென்ற குதிரையைப் பெற்ற 216 பேருக்கு மட்டும் அடுத்த ரிப். அவர்களில் 36 பேருக்குப் பலிக்கும். பின்னர் 6. பின்னர் ஒருவர். அந்த ஒருவர் நான்கு தடவை தொடர்ந்து பலித்ததைத் தம் கண்ணாலேயே கண்டவர். ஐந்தாவதற்கு மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைக்கவும் துணிவார். அனுப்பியவருக்கோ குதிரையின் வாலும் தலையும் தெரியாது. இது திருட்டு என்பதில் விவாதமில்லை. நாம் ஆராய்வது இத்தகையவரை அன்று. நல்லெண்ணத்தோடு, ஒரு சதமும் வாங்காது, ரிப் சொல்லும் நல்ல மனிதரை.

ஒரு வழக்கு

கொழும்பில் ஒரு கந்தோர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓர் இலிகிதர். ஆங்கிலம் நன்கு தெரியும். பந்தயத் தாளை வாசிப்பது அவருக்குக் குறுக்கெழுத்துப் போட்டி போல ஒரு பொழுதுபோக்கு. தாம் வைப்பது மாதத்தில் ஒருதடவை, நூறு ரூபாய். அதே கந்தோரில் ஒரு பியோன். சம்பள நாளன்று மதிய இடைவேளையில் தேநீரோடு வந்து நிற்கிறார்.

"ஐயா, இண்டைக்கு மூண்டாவது றேஸிலை எது?"

இலிகிதர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்க்கிறார். நிலம் சேறு, குதிரை சேற்றுக்குப் பேர் போனது, பாரமும் குறைவு. விரலால் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டுகிறார்.

"இது தம்பி. கண்ணை மூடிக்கொண்டு வை."

பியோன் வைக்கிறார். நூறல்ல, ஐயாயிரம். மகளின் பாடசாலைச் சப்பாத்துக்கும் கடைக் கொப்பிக் கணக்குக்கும் ஒதுக்கிய காசு. குதிரை நன்றாகத்தான் ஓடிற்று. முன்னணியில் வந்து, கடைசி வேலியில் கால் தட்டி விழுந்தது.

மறுநாள் காலை வழக்கம்போலத் தேநீர் வந்தது. இலிகிதர் தலை நிமிரவில்லை. பியோன்தான் ஆறுதல் சொன்னார்.

"பரவாயில்லை ஐயா. விழுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

சற்று நின்றார். பின்பு மெல்லக் கேட்டார்.

"இண்டைக்கு எது ஐயா?"

வாசகரே, இந்த இலிகிதர் குற்றவாளியா?

மூவகைப் பேச்சு

எதிர்காலத்தைப் பற்றி ஒருவர் மூன்று விதமாகப் பேசலாம். தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொல்லலாம்: "நிலம் சேறு; இக்குதிரை சேற்றில் இரண்டு தடவை வென்றது." ஊகத்தை ஊகமாகச் சொல்லலாம்: "மற்றவற்றிலும் இதற்குச் சற்று வாய்ப்புக் கூட என்று எண்ணுகிறேன், ஆனால் தோற்பதற்கே அதிக இடமுண்டு." ஊகத்தை அறிவாகச் சொல்லலாம்: "கண்ணை மூடிக்கொண்டு வை."

முதலிரண்டும் உண்மைப் பேச்சுக்கள். குதிரை விழுந்தாலும் அவை பொய்யாகா. மூன்றாவது பொய், குதிரை வென்றாலும் அது பொய்யே. ஏனெனில், பொய் என்பது குதிரையைப் பற்றியதன்று. தம் மனத்தில் இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டியதே பொய். நமது இலிகிதர் குதிரையைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. தம்மைப் பற்றிப் பொய் சொன்னார். "எனக்குத் தெரியும்" என்று சொல்லாமற் சொன்னார். அவர் நூறு ரூபாய் வைத்தபோது தம் சந்தேகத்தையும் சேர்த்தே கணக்கிட்டார். பியோனுக்கு அந்தச் சந்தேகத்தை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்.

இதில் பெரும்பாலும் பேராசை இல்லை. சிறு பெருமை இருக்கிறது. நம்மிடம் ஒருவர் வந்து கேட்கும்போது "தெரியாது" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. பலித்தால் நாம் கெட்டிக்காரர். பலிக்காவிட்டால் குதிரை விழுந்தது. பெருமை நமக்கு, இழப்பு அவருக்கு. இந்தப் பங்கீடு நீதியானதா?

"அவர் என்ன குழந்தையா?"

"அவர் வளர்ந்த மனிதர், வைக்கச் சொன்னது நூறா ஐயாயிரமா என்று நான் சொன்னேனா?" என ஒருவர் கேட்கலாம். இதில் நியாயம் உண்டு. காசு வைத்தவர் தம் சுதந்திரத்தோடுதான் வைத்தார். முதற் பொறுப்பு அவருடையது. பந்தயம் பிடிப்பது தன்னளவில் நீதிக்கு மாறானது என்று திருச்சபையும் கற்பிப்பதில்லை. தனக்கோ தன்னை நம்பியிருப்போருக்கோ வாழ்க்கைக்கு வேண்டியதை அது பறிக்கும்போதே ஒவ்வாததாகிறது என்றும், அதன் வேட்கை மனிதனை அடிமையாக்கக்கூடும் என்றும் 1992ஆம் ஆண்டில் வெளிவந்த மறைக்கல்வி நூல் கூறுகிறது. அயர்லாந்திலே 2009இல் மறைந்த ஷோன் பிறீன் என்ற பங்குக் குருவானவர் பந்தயக் குதிரைகளில் பெருவிருப்புள்ளவராக ஊரறிய வாழ்ந்தார். செல்ற்றன்ஹாம் பந்தய விழாவுக்குச் சென்று அங்கே திருப்பலியும் ஒப்புக்கொடுத்தார். அதற்காக அவரை எவரும் தள்ளிவைக்கவில்லை.

ஆனால் மேற்சொன்ன அளவுகோலை நன்றாகக் கவனியுங்கள். அது குதிரையைப் பற்றிப் பேசவில்லை. வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசுகிறது. அப்படியானால், அதே ரிப் இருவேறு செயல்களாகிறது. வசதியுள்ள நண்பரிடம் சொன்னால் விளையாட்டு. அரிசிக் காசை வைத்திருப்பவரிடம் சொன்னால் அவர் வீட்டு அடுப்பில் கை வைப்பது. சொல் ஒன்றுதான், கேட்கும் காது வேறு. எவர் கேட்கிறார் என்று பாராமல் பேச ஆலோசனை சொல்பவருக்கு உரிமையில்லை.

வேட்கை பிடித்தவரின் சுதந்திரம் முழுமையானதும் அன்று. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதிலே சூதாடி பெறும் வெற்றியைத் தூண்டில் இரையாகக் கண்டார். "இண்டைக்கு எது ஐயா?" என்று மறுநாளே கேட்டவரின் வாயில் அந்த முள் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அதை அறிந்த பின் சொல்லும் இரண்டாவது ரிப், முதலாவதிலும் பாரமானது.

அநியாயமாகப் பறிக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுக்க எவரெவர் கடமைப்பட்டவர் என்று ஆராய்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ், பறித்தவரோடு நின்றுவிடவில்லை. ஆலோசனை கொடுத்தவரையும் கணக்கில் எடுத்தார். நமது இலிகிதர் எதையும் பறிக்கவில்லை. எனவே ஐயாயிரத்தையும் திருப்பிக் கொடு என்று அவரை நீதியின் பெயரால் கட்டாயப்படுத்த முடியாது. கூலி வாங்கியோ, நிபுணர் என்று பெயர்ப்பலகை தொங்கவிட்டோ சொல்லியிருந்தால் தீர்ப்பு கடுமையாக இருக்கும். ஆயினும் சொல்லுக்கும் கைக்கும் இடையில் ஓர் உறவு உண்டு என்ற அந்த எண்ணம் அவரைச் சும்மா விடாது. அந்தப் பிள்ளையின் சப்பாத்தை வாங்கிக் கொடுத்தால், அவர் கடன் தீர்த்தவர் ஆகார், மனிதராவார்.

இன்னொரு சீவனையும் மறக்கலாகாது. அந்தத் தாளில் ஓர் எழுத்தாக நிற்பது ஒரு விலங்கின் விழுகை. 2012ஆம் ஆண்டு கிராண்ட் நஷனலில், அவ்வாண்டு செல்ற்றன்ஹாம் தங்கக் கிண்ணத்தை வென்ற சிங்க்ரனைஸ்ட் உட்பட இரண்டு குதிரைகள் உயிரிழந்தன. பின்னர் வேலிகளை இலேசாக்கினார்கள். நாற்பதாக இருந்த குதிரைத் தொகையை 2024 முதல் முப்பத்துநான்காகக் குறைத்தார்கள். "விழுந்தது" என்பதைக் காசு இழப்பாக மட்டும் வாசிக்கப் பழகிய கண், மெல்ல மெல்ல மனிதரின் விழுகையையும் அப்படியே வாசிக்கத் தொடங்கும்.

நம் வீட்டு ரிப்

இனி நாம் குதிரைத் திடலை விட்டு வீட்டுக்கு வருவோம். "அந்த ஏஜென்சிக்காரன் நல்லவன், பயப்படாமல் காசைக் கட்டு, மகன் ஆறு மாதத்தில் வெளிநாடு போய்ச் சேருவான்" என்று சொன்னவர் யார்? "அந்தக் கொம்பனியில் போடு, வங்கியிலும் பார்க்க இரண்டு மடங்கு வட்டி" என்று மாமனாருக்குச் சொன்னவர் யார்? "பொடியன் தங்கம், எனக்குத் தெரியும்" என்று கலியாணம் பேசியவர் யார்? அவர்கள் எல்லோரும் நல்லவர்களே. ஒரு சதமும் வாங்காதவர்களே. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னார்கள், அவ்வளவுதான். காணி போயிற்று, நகை போயிற்று, சில வீடுகளில் பிள்ளையே போயிற்று. "விழுமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று அவர்களுக்கும் எவரோ ஆறுதல் சொன்னார்கள்.

அப்படியானால் ஆலோசனையே சொல்லக்கூடாதா? சொல்லவேண்டும். அறிந்தவர் வாய் மூடியிருப்பதும் குற்றமே. ஆனால் சொல்லுமுன் நம்மை நாமே மூன்று கேள்வி கேட்போம். எனக்கு உண்மையில் தெரிந்தது எவ்வளவு? முன்னர் நான் சொல்லிப் பிழைத்தவற்றையும் இவரிடம் சொன்னேனா? இது பிழைத்தால் இவர் வீட்டில் என்ன நடக்கும்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் வரும் சொல் சிறியதாக இருக்கும், உரத்து ஒலிக்காது, ஆனால் எவரும் அதன்மேல் காலூன்றலாம்.

பியோன் இன்னும் தேநீரோடு நிற்கிறார். அவரை மறந்துவிட வேண்டாம். இலிகிதர் தாளை மடித்து மேசை லாச்சியில் வைக்கிறார். முதல்நாள் சொல்லியிருக்கவேண்டியதை இன்று சொல்கிறார்.

"எனக்குத் தெரியாது தம்பி. நேற்றும் தெரியாது."

சொல்வதற்கு வெட்கமான வார்த்தைதான். ஆயினும் அவர் அந்த மனிதருக்குக் கொடுத்த முதலாவது நல்ல ரிப் அதுவே.